லெஸ்ரர்க்காரரின் தம்பி

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரொறன்ரோவில் மல்வேர்ன் பகுதியில் ஒரு நாற்சந்தியில் என் மாணவி காரை நிறுத்துவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம், இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். பாடம் நடக்கும்போது போனை எடுக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். அன்றைக்கு எடுத்தேன்.

அழைத்தவர் லெஸ்ரர் நகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நிதானமான ஆங்கிலம். என்னுடைய குடும்பப் பெயரும் அவருடைய குடும்பப் பெயரும் ஒன்று என்றார். குஜராத் கடற்கரையில் ஒரே ஒரு கிராமத்தில் தோன்றிய பெயராம். அங்கிருந்து கப்பலில் கிழக்கு ஆபிரிக்கா, அங்கிருந்து லெஸ்ரர், லெஸ்ரரிலிருந்து லண்டன், பேர்மிங்காம். பிரிட்டனில் அந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது, எப்படிப் போனது என்று ஒரு வரைபடம் தயாரிக்கிறாராம். எல்லாப் புள்ளிக்கும் கணக்கு இருக்கிறது, ரொறன்ரோவைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை என்றார்.

"வரைபடத்துக்காக மட்டும் கேட்கவில்லை. என் தம்பி முப்பது வருடங்களுக்கு முன்னர் வீட்டில் கோபித்துக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போனான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. எனக்கு எழுபத்துநான்கு வயதாகிறது. அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளாமல் நான் போய்விடக் கூடாது."

பிறகு தம்பியின் முதற் பெயரைச் சொன்னார். மாணவி ஸ்டொப்பைத் தாண்டிப் போனாள். என் பக்கத்து பிரேக்கில் கால் இருந்தது, நான் மிதிக்கவில்லை. எதிரே வந்தவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்.

அவருடைய தம்பி ரொறன்ரோவுக்கு வரவேயில்லை. அந்தப் பெயரில் வந்தது நான்.

அந்தக் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னால் அது பரவியது போதும். எப்படி என்னிடம் வந்து ஒட்டியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. எனக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதலெழுத்து. அப்பாவின் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் எழுத்து. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு எழுத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகும். யாழ்ப்பாணத்தில் இதை யாரும் குறையாக நினைத்ததில்லை. தபால்காரரும் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

என்னைக் கனடாவுக்கு அனுப்ப அப்பா ஒரு ஏஜென்சிக்காரரைப் பிடித்தார். அவர் என்னை பாங்கொக்கில் ஒரு அறையில் மூன்று கிழமை வைத்திருந்தார். எனக்குக் கிடைத்தது தலை மாற்றிய பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. அதாவது உண்மையான கடவுச்சீட்டு, உண்மையான ஆள். அவருடைய படத்தை உரித்து எடுத்துவிட்டு என்னுடைய படத்தை ஒட்டியிருந்தார்கள். அதை விற்றவர் ஒரு தாளில் தன்னைப் பற்றிய விபரமெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். நீல மை, அழகான கையெழுத்து. பிறந்த திகதி, அம்மாவின் பெயர், வீட்டு இலக்கம், வீட்டுக்கு எதிரே சலவைக்கடை, அதற்குப் பக்கத்தில் சைக்கிள் கடை, எந்த பஸ் எந்த முடக்கில் திரும்பும், வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். கேட்ட அளவுக்கு மேலேயே எழுதியிருந்தார்.

தினமும் காலையில் தேத்தண்ணி குடித்ததும் ஏஜென்சிக்காரர் கதிரையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்பார். நான் நின்றுகொண்டு ஒப்புவிக்க வேண்டும். ஒரு தடவை குடும்பப் பெயரில் தடக்கியதற்கு மதியச் சாப்பாடு கிடையாது என்றார்.

"தம்பி, உன்ர பேரை நீ மறந்தாலும் பரவாயில்லை. உந்தப் பேரை விடக்கூடாது. நித்திரையிலயும் விடக்கூடாது. நான் விடச் சொல்லுற அண்டைக்குத்தான் விடலாம், விளங்குதோ?"

விளங்கியது. பாங்கொக் விமான நிலையத்தில் கையசைத்து விடைபெற்றவர்தான், பிறகு அவரை நான் காணவில்லை. பெயரை விடலாம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

விமானத்தில் குஜராத்திப் பெயருக்கு மரக்கறிச் சாப்பாடு வந்தது. பக்கத்து ஆள் கோழிக்கால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு பருப்பைத் தின்றேன். இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, சொல்லித் தந்தபடி கழிவறைக்குப் போய்க் கடவுச்சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். உள் தாள்கள் லேசாகப் போயின. அட்டை போகவில்லை. மகாராணியின் அரசாங்கம் அட்டையில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. வெளியே மூன்று பேர் கதவைத் தட்ட, நான் உள்ளே சிங்கமும் குதிரையும் பொறித்த அட்டையைக் கையாலும் பல்லாலும் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ரொறன்ரோவில் இறங்கி, அகதி என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் தந்தார். பெயர் கேட்டார், என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பிறந்த திகதி கேட்டார், என் சொந்தத் திகதியைச் சொன்னேன். பிறகு "குடும்பப் பெயர்?" என்று கேட்டார். அந்த இடத்தில் அப்பாவின் பெயரைப் போட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? குடும்பப் பெயர் என்று ஒன்றை என்னிடம் வாழ்க்கையில் கேட்டவர் ஏஜென்சிக்காரர் ஒருவர்தான். அதற்கு மூன்று கிழமையாக நான் சொன்ன விடையும் ஒன்றுதான். வாய் திறந்தது, அது வந்து விழுந்தது. அதிகாரி பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு சட்டத்தரணியிடம் மாற்றலாமா என்று கேட்டேன். கேஸ் முடியும்வரை வாயைத் திறக்காதே என்றார். கேஸ் முடிந்ததும், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பார்கள், பேசாமல் இரு என்றார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டியாகிவிட்டது, இனி அதற்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பதுதான் வழி.

வளர்ந்தது. இரண்டு வருடம் கழித்து என் தம்பி அமெரிக்க எல்லையால் வந்தான். கனடாவில் உனக்கு யார் இருக்கிறார் என்று கேட்டார்கள். அண்ணை இருக்கிறார் என்றான். அண்ணனின் குடும்பப் பெயரைச் சொன்னான். அப்படியானால் உன்னுடைய குடும்பப் பெயர் ஏன் வேறு என்று கேட்க முதலே, புத்திசாலி, தனக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டான். தங்கச்சி வந்தபோதும் அதே கதை. தங்கச்சியைக் கட்டியவருடைய அப்பாவின் பெயர் படிவத்துப் பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. மனைவியின் பெயரையே எடுத்துக்கொண்டார். மனைவியின் பெயரை எடுத்த ஒரே யாழ்ப்பாணத்து ஆம்பிளை தான்தான் என்று கலியாண வீடுகளில் இன்றைக்கும் பெருமையடிப்பார். மனைவிக்கும் அது சொந்தப் பெயர் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

இப்படியாக மல்வேர்னில் நாங்கள் நான்கு பேர், அஜக்ஸில் தம்பி குடும்பம் ஐந்து பேர், ரெக்ஸ்டேலில் தங்கச்சி குடும்பம் ஆறு பேர். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். எல்லோருக்கும் குஜராத்தி வியாபாரிகளின் பெயர். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் யேசுவைப் பார்த்தேன்.

ரெக்ஸ்டேலில் மச்சானுக்கு வீட்டின் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்ததே அந்தப் பெயரால்தான். வீட்டுக்காரர் வயதான குஜராத்திக்காரர். எந்த ஊர் என்று கேட்டாராம். கடற்கரைப் பக்கம் என்றாராம் இவர். பொய்யில்லை, அவருடைய ஊரான பருத்தித்துறையும் கடற்கரைதானே. நம்முடைய ஆட்கள் என்று வாடகையையும் குறைத்துக் கொடுத்தார். பலன், நான்கு வருடம் மச்சான் மீன் குழம்பைக் காருக்குள் இருந்து தின்றார். ஜனவரி மாதத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளை ஒரு பையில் துப்பிக்கொண்டு.

நானும் யோக்கியன் இல்லை. கார் பழக்கத் தொடங்கியபோது காரின் கூரையில் வைக்கிற பலகைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயர்தான் சிறியது, அழகாகவும் இருந்தது. குஜராத்திப் பிள்ளைகளின் தாய்மார் பலகையைப் பார்த்து அழைப்பார்கள், போனில் அவர்களுடைய பாஷையில் பொரிந்து தள்ளுவார்கள். நேரே வந்து என்னைக் கண்டதும் முகம் விழும். ஆனாலும் பழகிவிட்டுத்தான் போவார்கள். என் பிள்ளைகள் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் கேட்டபோது பரம்பரைப் பெயர் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். நான் முழுக் குடும்பத்தையும் மறைத்தேன்.

லெஸ்ரர்க்காரருக்குத் திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு கிழமை அழைக்காமல் இருந்தேன். அதற்குள் அவர் என் மகளை இணையத்தில் கண்டுபிடித்து எழுதிவிட்டார். மகள் அவரை வீட்டுக்கே அழைத்துவிட்டாள்.

"அப்பா, ஹீ இஸ் ஸோ ஸ்வீட்! எங்கட பேரின்ர முழு ஹிஸ்டரியும் வைச்சிருக்கிறார். நெக்ஸ்ட் மந்த் வாறார். ஏன் நீங்கள் உப்பிடி முழிக்கிறியள்?"

மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் தம்பியையும் மச்சானையும் கூப்பிட்டு வைத்துக் கதைத்தேன். அஜக்ஸிலிருந்து வந்த தம்பி கதிரையில் இருக்கவேயில்லை.

"அண்ணை, உங்கட வாயாலதான் இது துவங்கினது. இப்ப அதே வாயால எங்களை எல்லாரையும் திருப்பி ஏத்திவிடப் போறியளோ? சிற்றிசன்சிப்பைப் பறிச்சா நான் எங்க போறது? எனக்கு வீட்டு லோன் இருக்கு."

மச்சானிடம் எப்போதும் திட்டம் இருக்கும். "மச்சான், அந்தாள் செத்துப்போச்செண்டு சொல்லுவம். நல்ல மனிசன், எங்களையெல்லாம் வளர்த்து ஆளாக்கினவர், பேரையும் தந்திட்டுப் போட்டார் எண்டு சொல்லுவம். ஒரு கல்லறையைக் காட்டிவிட்டா அலுவல் முடிஞ்சுது."

"ஆற்ற கல்லறையை?"

"ரெக்ஸ்டேல் பக்கம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். பேர் அழிஞ்சுபோய்க் கிடக்கு."

"குஜராத்திக்காரரை எரிக்கிறவங்கள்," என்றான் தம்பி.

"அப்ப எங்கட வேதத்துக்கு மாறினதெண்டு சொல்லுவம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையிடியும் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பத்து நிமிடம் அந்தக் கல்லறையைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் தீவிரமாகக் கதைத்தோம். பூ வைப்பதா, மெழுகுதிரி கொளுத்துவதா என்பதுவரை போய்விட்டது. குசினிக்குள்ளிருந்து என் மனைவி வெளியே வந்தாள்.

"உங்களுக்கு விசரே? அந்த மனிசன் கூடப்பிறந்ததைத் தேடித் திரியுது. நீங்கள் இருந்து பேப்பரைப் பற்றிக் கதைக்கிறியள். ஒழுங்காய்ச் சொல்லிப்போடுங்கோ."

தம்பி வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடினான்.

லெஸ்ரர்க்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வந்தார். தம்பி குடும்பமும் தங்கச்சி குடும்பமும் முன்னதாகவே வந்திருந்தார்கள். நெடுத்த, மெலிந்த மனிதர். கம்பளித் தொப்பி, ஒரு கையில் இனிப்புப் பெட்டி, மறு கையில் நீளக் குழாய்க்குள் சுருட்டிய வரைபடம். மனைவி காலையிலிருந்து குசினியைக் கழுவி, புதுச் சட்டி வாங்கி, ஏழு மரக்கறி சமைத்திருந்தாள். அவர் சுவரில் இருந்த யேசுவின் திரு இருதயப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. படித்தவர்.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் ஊறுகாய்ப் போத்தல்களைப் பாரம் வைத்தோம். பிரிட்டன் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். லெஸ்ரரில் எறும்பு மொய்த்த மாதிரி. கப்பல் வந்த வழியெல்லாம் பச்சைக் கோடு. ஒரு மூலையில் ரொறன்ரோவைத் தனியாகக் கீறி, பதினைந்து சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தார். மல்வேர்னில் நான்கு, அஜக்ஸில் ஐந்து, ரெக்ஸ்டேலில் ஆறு. எங்களை அந்த விதமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மகள் தன்னுடைய புள்ளி எது என்று கேட்டு அதைப் படம் எடுத்தாள்.

"இந்த ஊரில் இந்தப் பெயருடன் முதலில் தோன்றியவர் நீங்கள்," என்று என்னிடம் சொன்னார். "நீங்கள் தோன்றிய வருடமும் என் தம்பி வந்த வருடமும் ஒன்று. அவன் உங்களைத் தத்து எடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் உங்கள் வயது சரிவரவில்லை. உங்கள் சகோதரியை மணந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்." மச்சான் கதிரையில் நெளிந்தார். பெரியவர் என் தம்பியின் மகனுடைய காதைக் கவனமாகப் பார்த்தார். "இந்தக் காது எங்கள் வீட்டுக் காது போல இருக்கிறது," என்றார். அந்தக் காது என் அம்மாவுடையது.

சாப்பிடும்போது கதையைச் சொன்னார். கடை விஷயமாக அப்பாவுடன் சண்டை பிடித்துக்கொண்டு தம்பி ஒரு பையோடு வெளியேறினான். தேடிப் போகக் கூடாது என்று அப்பா கட்டளை போட்டார். சில மாதத்தில் அப்பாவின் கோபம் ஆறியது. அப்போது விமானச் சீட்டு விற்கிற உறவுக்காரர் ஒருவர் கணினியில் தேடிப் பார்த்துச் சொன்னார், இன்ன நாள் இன்ன விமானத்தில் உங்கள் பிள்ளை ரொறன்ரோவில் இறங்கியிருக்கிறான். அவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்றால் அவ்வளவு கோபம் என்று அம்மா சொன்னாராம்.

"அம்மா ரொறன்ரோத் தொலைபேசிப் புத்தகத்தை எடுப்பித்தார். எங்கள் பெயருள்ள விலாசம் ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் அவனுடைய பிறந்த நாளுக்குக் கடிதம் போட்டார். தன் கையாலேயே எழுதுவார். வீட்டுக் கதை வேறு யாருக்கும் விளங்கக் கூடாது என்று குஜராத்தியில் எழுதுவார். மற்ற விலாசங்களிலிருந்து கடிதம் திரும்பி வரும், அல்லது நாங்கள் அவரில்லை என்று யாராவது எழுதுவார்கள். இந்த மல்வேர்ன் விலாசத்துக்குப் போட்டது மட்டும் ஒருநாளும் திரும்பவில்லை. அதனால் அவன் இங்கேதான் இருக்கிறான், பிடிவாதத்தில் பதில் போடவில்லை என்று அம்மா முடிவு கட்டினார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பேனை பிடிக்க முடியாமல் போய்விட்டது. அவர் போய் ஆறு வருடமாகிறது."

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்தக் கடிதங்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. மெல்லிய உறை, விளங்காத எழுத்து. கோயில் திருவிழா அழைப்பு என்று நினைத்தோம். திருப்பி அனுப்புவோமா என்று அவள் ஒருமுறை கேட்டதும், உதுக்கு ஆர் போஸ்ற் ஒபீசுக்கு நடக்கிறது என்று நான் நீலப் பெட்டியில் போட்டதும் ஞாபகம் இருந்தது. நீலப் பெட்டியில் போட்டால் மறுசுழற்சிக்காரர் வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"இப்போது நேராகக் கேட்கிறேன்," என்றார் பெரியவர். "என் தம்பியை உங்களுக்குத் தெரியுமா?"

மச்சான்தான் முந்திக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில், "அவர் மிகவும் நல்ல மனிதராக இருந்தார்," என்று தொடங்கினார்.

"இருந்தார்" என்றதும் பெரியவருடைய முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் மச்சானை அடித்திருப்பேன். "வாயை மூடும்!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். எழும்பிய பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என் பெயரில் தொடங்குவதா, ஏஜென்சிக்காரரில் தொடங்குவதா? முப்பது வருடப் பொய்க்கு எங்கே நுனி? அப்போது என் வாய் தானாகத் திறந்தது. கையிரண்டையும் பக்கத்தில் வைத்து, பாங்கொக்கில் நின்ற மாதிரியே நின்று, ஆங்கிலத்தில் ஒப்புவிக்கத் தொடங்கினேன். பெயர். குடும்பப் பெயர். பிறந்த திகதி. அம்மாவின் பெயர். வீட்டு இலக்கம். எதிரே சலவைக்கடை, பக்கத்தில் சைக்கிள் கடை. பஸ் திரும்புகிற முடக்கு. ஒன்றும் தவறவில்லை. கடைசியாக வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர்.

பெரியவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என்னவோ தன் பாஷையில் சொல்லிச் சொல்லி என் முதுகைத் தடவினார். தம்பி தன்னிலும் உயரம் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார். என் தலை அவருடைய சட்டைப் பொத்தானில் இடித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் அவர் விடவில்லை. அவர் விட்டுவிடக் கூடாது என்று நானும் ஒரு கணம் நினைத்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"நான் அவர் இல்லை, ஐயா," என்றேன். "இது நான் பாடமாக்கியது."

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்களைத் தவிர எல்லாவற்றையும். பெரியவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தாள், அவனே எழுதியதா?"

"ஓம் ஐயா. நீல மை. அழகான கையெழுத்து."

"அப்படியானால் அவன் விமானம் ஏறவில்லை. இங்கிலாந்தில்தான் இருந்திருக்கிறான்." அவர் வரைபடத்தைப் பார்த்தார். "முப்பது வருடம். இங்கிலாந்தில் நாங்கள் அவனை ஒரு நாள்கூடத் தேடவில்லை."

ஊறுகாய்ப் போத்தல்களை எடுத்து வைத்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார். மகள்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "அப்ப எங்கட ரியல் பேர் என்ன, அப்பா?" என்று கேட்டாள். என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் அதை முதல் தடவையாக முழுதாகக் கேட்டாள். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பெரியவர் மூன்று நாள் முன்னதாகவே ஊருக்குப் பறந்தார். பத்தாம் நாள் என்னை அழைத்தார். தம்பி கிடைத்துவிட்டான். லெஸ்ரரிலிருந்து இரண்டு மணித்தியால தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறான். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்து, கடவுச்சீட்டோடு பெயரையும் விற்றாயிற்று என்று நினைத்து மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டானாம். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிற கடை வைத்திருக்கிறானாம். அந்தக் கலியாணப் பதிவைப் பெரியவர் வரைபடத்துக்காகத் தேடியபோது ஐந்து வருடத்துக்கு முன்னரே கண்டிருந்தார். அதே பெயர், அதே பிறந்த வருடம். ஆனால் தம்பிதான் கனடாவில் இருக்கிறானே! வேறு யாரோ என்று விட்டுவிட்டார்.

"உங்கள் புள்ளிகளை நான் அழிக்கவில்லை," என்றார். "கோட்டை மட்டும் பாங்கொக் வழியாக மாற்றியிருக்கிறேன்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிடக் குந்தும்போது இன்னொரு அழைப்பு. புதுக் குரல், கரகரத்த ஆங்கிலம், பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தம்.

"என் பெயர் உங்களுக்கு அளவாக இருந்ததா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பெரிது. பழகிவிட்டது."

அவர் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடவுச்சீட்டை விற்ற பயத்தில் முதல் இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை என்றார். பிறகு வீட்டார் வருவார்கள் என்று காத்திருந்தாராம். இரண்டு மணித்தியாலப் பயணம்தானே, மனம் இருந்தால் வந்திருப்பார்கள் என்று நினைத்தாராம். ஒருவரும் வராதபடியால் அம்மாவும் தன்னைக் கைகழுவிவிட்டார் என்று முடிவு செய்தாராம்.

"அம்மா எனக்குக் கடிதம் எழுதினார் என்று அண்ணன் சொன்னார். உங்கள் விலாசத்துக்கும் போட்டாராம். வந்ததா?"

மனைவி எனக்கு எதிரே இருந்தாள். சொல்லுங்கோ என்று தலையசைத்தாள்.

"வந்தது," என்றேன். "ஒவ்வொரு வருடமும். பதினைந்து இருபது வந்திருக்கும்."

"ஒன்றாவது இருக்கிறதா?"

"இல்லை. எறிந்துவிட்டேன். என்னவென்று எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கோ."

அங்கே யாரோ வாடிக்கையாளர் உப்பும் வினாகிரியும் கேட்டார். இவர் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் கேட்டார்.

"என்ன எழுதியிருந்தார்?"

"எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது," என்றேன். "உறையை மட்டும்தான் பார்த்தேன். விலாசம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதியவர் போல."

"எப்படி இருந்தது அம்மாவின் எழுத்து?"

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லாமல் ஞாபகத்தில் இருந்ததை மட்டும் சொன்னேன். தொடக்கத்தில் நேராக இருந்தது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது, கடைசி இரண்டு உறைகளிலும் கோணிப்போய் இருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழத் தொடங்கினார்.